கார்ட்லெஸ் ரம்பத்துக்கு எந்த பேட்டரி? ஆச்சி வீட்டுக் கூரை வேலைக் குறிப்புகள்

திருச்செந்தூர்ப் பக்கம் எங்கள் ஆச்சியின் வீடு இருக்கிறது. ஆச்சி போனபிறகு பூட்டியே கிடந்ததால் கரண்டு இணைப்பையும் துண்டித்துவிட்டோம். போன கோடையில் போய்ப் பார்த்தபோது பின்கட்டுக் கூரை ஓர் இடத்தில் பள்ளமாக இறங்கியிருந்தது. ஓட்டைப் பிரித்துப் பார்த்தால், கூரையைத் தாங்கும் பனைமரச் சட்டங்களான பனங்கைகள் ஒன்பதில் ஏழு கல்லு மாதிரி இருக்கின்றன, ஓடு உட்கார அவற்றின் மேலே குறுக்கே அடித்திருந்த மெல்லிய சட்டங்களான ரீப்பர்களைத்தான் கரையான் அரித்துவிட்டது. கையால் அழுத்தினால் பொடியாக உதிர்ந்தன.

மச்சில் பழைய வேங்கைப் பலகைகள் 14 கிடந்தன. ஒவ்வொன்றும் 7 அடி நீளம், 8 அங்குல அகலம், ஓர் அங்குலக் கனம். தாத்தா காலத்து மரம், வைரம் பாய்ந்தது. புது மரம் வாங்குவதைவிட இதையே நெடுக்காக அறுத்து ரீப்பர் ஆக்கலாம் என்று முடிவு செய்தேன். மரம் அறுக்கும் மில்லில் கேட்டேன். ஆணி ஏறிய பழைய மரம் என்றதும் வேண்டாம் என்றுவிட்டார்கள். அவர்கள் சொன்னதும் சரிதான், ஓர் ஆணி போதும், பட்டை ரம்பத்தின் பல் போய்விடும். அதனால் பேட்டரியில் ஓடும் என் கார்ட்லெஸ் வட்ட ரம்பத்தை எடுத்துக்கொண்டு போனேன். சார்ஜ் போடுவதற்கு அடுத்த வீட்டு அத்தை தன் தார்சாவில் (தாழ்வாரத்தில்) ஒரு பிளக் பாயின்ட் கொடுத்தார்.

கணக்கு எளிது. ஒரு பலகையை நான்காகப் பிளக்க மூன்று அறுப்பு. 14 பலகைக்கு 42 அறுப்பு, ஒவ்வொன்றும் 7 அடி. அப்புறம் அழுகிய இரண்டு பனங்கைகளுக்குப் பதிலாகப் புதிதாக இரண்டை அளவுக்கு வெட்ட வேண்டும். இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். ரம்பம் நல்ல ரம்பம்: 18 வோல்ட், ப்ரஷ்லெஸ் மோட்டார், 165 மி.மீ. பிளேடு. அதோடு பெட்டியில் வந்த இரண்டு 2 ஆம்பியர்-மணி பேட்டரிகளும் இருந்தன. ஆம்பியர்-மணி என்பது பேட்டரியின் கொள்ளளவு. வீட்டில் ப்ளைவுட் அலமாரி செய்தபோது இதே பேட்டரிகளை வைத்துத்தான் ஆறு நூல் (முக்கால் அங்குல) பலகையெல்லாம் அறுத்திருந்தேன். குறை ஒன்றும் தெரியவில்லை.

வேங்கையில் தெரிந்தது. முதல் பலகையில் இரண்டு அறுப்பு முடிந்தது. மூன்றாவது பாதி போனதும் மோட்டாரின் சத்தம் இறங்கியது. இறங்கியது என்றால், வழக்கமான கீச்சென்ற குரல் மாறி, அடித்தொண்டையில் முனகுவது போல ஆனது. நான் கொஞ்சம் அழுத்தித் தள்ளினேன். கூட வேலைக்கு வந்திருந்த ஆசாரி அண்ணாச்சி கையைக் காட்டினார்.

"ஏ தம்பி, அது மூச்சு வாங்குதுல்லா? தள்ளாத, நிறுத்து."

நிறுத்துவதற்குள் அதுவே நின்றுவிட்டது. பேட்டரியைக் கழற்றித் தொட்டால், டீ கிளாஸைப் பிடித்தது போலச் சூடு. ஆனால் சார்ஜ் அளவு காட்டும் கட்டங்களை அமுக்கிப் பார்த்தால் நான்கில் ஒன்று இன்னும் எரிகிறது. சார்ஜரில் போட்டால் ஏற்க மறுத்து விளக்கு மாறிமாறி மின்னியது. செல் சூடாக இருக்கும்போது சார்ஜ் ஏற்றினால் கெட்டுவிடும் என்பதால் சார்ஜர் அப்படித்தான் காத்திருக்கும். லித்தியம் செல்களுக்கு ஏறத்தாழ 45 டிகிரிதான் சார்ஜ் ஏற்றுவதற்கான மேல் எல்லை. கத்திரி வெயிலில் எங்கள் ஊர் நிழலே 38, 39 டிகிரியைத் தொடும். அங்கே சூடான பேட்டரி 45-க்குக் கீழே இறங்க முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குப் பிறகுதான் சார்ஜே ஏற ஆரம்பித்தது.

இரண்டாவது பேட்டரியும் அப்படியே. இரண்டரை அறுப்பில் நின்றது. இந்தக் கணக்கில் 42 அறுப்புக்கு 17 தடவை சார்ஜ் போட வேண்டும். அன்று மதியத்தோடு வேலையை நிறுத்திவிட்டு, இது ஏன் இப்படி ஆகிறது என்று உட்கார்ந்து யோசித்தேன். அந்த மதியம் புரிந்துகொண்டதுதான் இந்தப் பதிவில் முக்கியம். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

18 வோல்ட் பேட்டரிக்குள் இருப்பது சாதாரண உருளைச் செல்கள். ஒரு லித்தியம் அயான் செல்லின் சராசரி 3.6 வோல்ட், முழு சார்ஜில் 4.2. ஐந்தை வரிசையாகக் கோத்தால் 18 வோல்ட், முழு சார்ஜில் 21. டிவால்ட் என்ற கருவிக் கம்பெனியின் ஒரே பேட்டரி அமெரிக்காவில் 20 வோல்ட் மேக்ஸ் என்றும் ஐரோப்பாவில் 18 வோல்ட் என்றும் விற்பது இதனால்தான். உள்ளே இருப்பது அதே ஐந்து செல் வரிசை. 20 என்று போட்டிருப்பதைப் பார்த்து 18-ஐ விட பலமானது என்று யாரும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

2 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஐந்து செல்கள், ஒரே வரிசை. 5 ஆம்பியர்-மணி பேட்டரியில் பெரும்பாலும் பத்து செல்கள். இரண்டிரண்டாக அருகருகே இணைத்து, அப்படி ஐந்து ஜோடிகள். வோல்ட் மாறாது. ஆனால் மோட்டார் கேட்கும் கரண்டை இரண்டு செல்கள் பாதிப்பாதியாகச் சுமக்கின்றன. நான் இவ்வளவு நாள் கவனிக்காமல் விட்டது இதைத்தான். பெரிய பேட்டரி என்றால் அதிக நேரம் ஓடும் என்று மட்டுமே நினைத்திருந்தேன். டேங்க் பெரியது, அவ்வளவுதான் என்று. அது டேங்க் மட்டுமில்லை, குழாயும் பெரியது.

எண்களாகப் பார்த்தால் தெளிவாகும். பவர் டூல்களில் பரவலாகப் புழங்கும் செல்களில் ஒன்று சாம்சங் 25ஆர். 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம் (இந்த அளவுள்ள செல்லை 18650 என்பார்கள்), 2500 மில்லி ஆம்பியர்-மணி. தொடர்ச்சியாக 20 ஆம்பியர் கொடுக்கலாம் என்பது அதன் வரம்பு. அப்படிப்பட்ட செல் ஒரே வரிசையில் இருந்தால் 18 வோல்ட்டில் 360 வாட் வரைதான் நிம்மதியாகக் கொடுக்கும். இரண்டு வரிசை என்றால் 720 வாட். ஓர் அங்குல வேங்கையை நெடுக்கே அறுக்கும்போது ரம்பம் 600 வாட்டைச் சாதாரணமாகக் கேட்கும். 30 ஆம்பியருக்கு மேல். ஒற்றை வரிசை அதை ஓரிரு நிமிடம் தாங்கும், பிறகு சூட்டில் தன்னைக் காத்துக்கொள்ள கரண்டை வெட்டிவிடும்.

சூட்டுக் கணக்கு இன்னும் கடுமை. ஒவ்வொரு செல்லுக்கும் உள்ளேயே ஒரு சிறு மின்தடை உண்டு, சுமார் 20 மில்லி ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து செல் வரிசைக்கு 0.1 ஓம். 30 ஆம்பியர் ஓடினால் 3 வோல்ட் உள்ளேயே தொலைந்துவிடும். மோட்டாருக்கு 18-க்குப் பதில் 15 தான் போகும். சத்தம் இறங்கியதற்குக் காரணம் இது. தொலைந்த அந்த 3 வோல்ட் 90 வாட் சூடாகிறது. பழைய காலத்துக் குண்டு பல்பு ஒன்று ஐந்து செல்களுக்கு நடுவில் எரிவது போல. ஒரு செல்லுக்கு 18 வாட். அதே வேலையை இரட்டை வரிசை செய்தால், ஒவ்வொரு செல்லிலும் ஓடுவது 15 ஆம்பியர்தான். கரண்டு பாதியானால் சூடு பாதியாவதில்லை, கால்வாசியாகிவிடும். செல்லுக்கு நாலரை வாட். இதைத் தாளில் எழுதிப் பார்த்தபோதுதான், ட்ரில்லில் நன்றாக வேலை செய்த அதே சின்ன பேட்டரி ரம்பத்தில் ஏன் திணறுகிறது என்று புரிந்தது. ட்ரில் ஓர் ஓட்டைக்கு ஐந்து வினாடி கரண்டு கேட்கும், அப்புறம் ஓய்வு. ரம்பத்துக்கு 7 அடி முடியும்வரை ஓய்வே இல்லை.

சரி, பெரிய பேட்டரி வேண்டும் என்று ஆயிற்று. அங்கேதான் ஒரு தவறு செய்தேன். அவசரத்தில் இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம், எங்கள் ரம்பத்துக்குப் பொருந்தும் 5 ஆம்பியர்-மணி பேட்டரி என்று ஒன்றை அசல் விலையில் பாதிக்கும் குறைவாக வாங்கினேன். நான்கு நாளில் வந்தது. பிளாஸ்டிக் உறையெல்லாம் அசல் போலவே இருந்தது, கச்சிதமாக உட்கார்ந்தது. மூன்றாவது அறுப்புக்கே நின்றுவிட்டது.

கையில் எடுத்தபோதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். அத்தை வீட்டுச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன்: 390 கிராம். ஒரு 18650 செல்லே 45 கிராமுக்குக் குறையாது. பத்து செல் என்றால் உறை இல்லாமலே 450 கிராம் வந்தாக வேண்டும். பத்து செல் உள்ள அசல் 5 ஆம்பியர்-மணி பேட்டரிகள் 600 கிராமுக்கு மேல் இருக்கும். பேட்டரி வாங்கப் போகிறவர்கள் கடைக்கு ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசைக் கொண்டு போனாலே பாதிப் பிரச்சினை தீரும். ஸ்டிக்கரில் எதை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், எடையை அச்சடிக்க முடியாது.

அதன் உண்மையான கொள்ளளவு எவ்வளவு என்று தெரிந்துகொள்ளாமல் விட மனமில்லை. இதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். லாரிக்குப் போடும் 24 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை ஊர் ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையில் வாங்கினேன். அதை பேட்டரி முனைகளில் இணைத்து, நடுவில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்தால் 0.74 ஆம்பியர் ஓடியது. எத்தனை மணி நேரம் எரிகிறது என்று பார்த்துப் பெருக்கினால் கொள்ளளவு கிடைத்துவிடும். ஒரே எச்சரிக்கை, வோல்ட் 15-க்கு வந்ததும் கழற்றிவிட வேண்டும். ஒரு செல்லுக்கு 3 வோல்ட் என்ற கணக்கு. அதற்கு ரொம்பக் கீழே விட்டால் நல்ல பேட்டரியும் கெட்டுவிடும். அதனால் கால் மணிக்கு ஒரு தடவை வோல்ட்டையும் பார்த்துக் குறித்துக்கொண்டே இருந்தேன். என் பேட்டரியில் முனைகளில் நேராகவே வோல்ட் வந்தது. சில பிராண்டுகளில் கருவியோடு பேசினால்தான் வெளியே விடும், அங்கே இந்த வழி உதவாது.

பெட்டியோடு வந்த 2 ஆம்பியர்-மணி பேட்டரி 2 மணி 35 நிமிடம் எரிந்தது. ஏறக்குறைய 1.9 ஆம்பியர்-மணி, சொன்ன சொல் தவறவில்லை. 5 என்று எழுதியிருந்தது 1 மணி 55 நிமிடத்தில் 15 வோல்ட்டுக்கு வந்துவிட்டது. 1.4 ஆம்பியர்-மணி.

உறையைத் திறந்து பார்த்தேன். நட்சத்திரத் தலை ஸ்க்ரூ, நடுவில் ஒரு முள் இருக்கும், அதற்கான பிட் தனியாக வேண்டும். உள்ளே ஐந்தே ஐந்து செல்கள். பத்து செல் உட்காரும் கூட்டின் மேல் அடுக்கு முழுதும் காலி. செல்களின் மேலுறையில் பெயரோ எண்ணோ எதுவுமில்லை. செல்களை இணைக்கும் நிக்கல் தகடு அகலம் குறைந்து, காகிதம் போல மெல்லியது. இன்னொன்றும் கண்ணில் பட்டது. நல்ல பேட்டரியில் ஒவ்வொரு செல் இணைப்பிலிருந்தும் ஒரு மெல்லிய ஒயர் சர்க்யூட் போர்டுக்கு வரும். ஒவ்வொரு செல்லின் வோல்ட்டையும் தனித்தனியே கண்காணிக்கத்தான் அது. இதில் இரண்டு முனை ஒயர்கள் மட்டுமே இருந்தன. நடுவில் ஒரு செல் கெட்டு வோல்ட் இறங்கி, சார்ஜர் மற்ற செல்களை 4.2 வோல்ட்டுக்கு மேலே ஏற்றினாலும் யாருக்கும் தெரியாது. லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும் வழிகளில் இதுவும் ஒன்று. இரவில் சார்ஜரில் போட்டுவிட்டுத் தூங்குகிறவர்கள் இதை அவசியம் நினைவில் வைக்க வேண்டும். முழு சார்ஜோடு எந்த பேட்டரியையும் திறக்க வேண்டாம். ஸ்க்ரூ டிரைவர் முனை இரண்டு தகடுகளுக்கு நடுவில் பட்டால் பொறி பறக்கும், கண்ணில் படலாம். நான் பல்பில் காலி செய்தபிறகுதான் திறந்தேன்.

தூத்துக்குடியில் செல் மாற்றிக் கட்டிக் கொடுக்கும் ஒரு கடைக்காரர், காலியான கூட்டில் 3500 மில்லி ஆம்பியர்-மணி செல் பத்து போட்டு 7 ஆம்பியர்-மணி ஆக்கித் தருகிறேன் என்றார். நல்ல மனிதர், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். கேட்க ஆசையாகவும் இருந்தது. செல்லின் பெயரைக் கேட்டேன், சாம்சங் 35இ. அதன் தொடர் கரண்டு வரம்பு 8 ஆம்பியர். லேப்டாப்புக்கும் டார்ச்சுக்கும் அருமையான செல். இரண்டு வரிசை சேர்ந்தாலும் 16 ஆம்பியர்தான். என் ரம்பத்துக்கு வேண்டியதில் பாதி. ஆம்பியர்-மணி கூடும், ரம்பம் இன்னும் சீக்கிரம் நிற்கும். ஒரே அளவுள்ள உருளைக்குள் கொள்ளளவைக் கூட்டினால் கரண்டு கொடுக்கும் திறன் பெரும்பாலும் குறையும். இரண்டும் ஒருசேரக் கூடுவது செல் பெரிதானால்தான். அதனால்தான் இப்போது 21 மி.மீ. விட்டமும் 70 மி.மீ. நீளமும் உள்ள 21700 செல்லுக்கு மாறுகிறார்கள். பாஷ் நிறுவனத்தின் ப்ரோகோர் 4 ஆம்பியர்-மணி பேட்டரியில் அந்தச் செல் ஐந்துதான். ஆனாலும் பழைய ஐந்து செல் பேட்டரியைவிட நன்றாகக் கரண்டு கொடுக்கும், பத்து செல் பேட்டரியைவிட எடையும் குறைவு. பெட்டியில் 4 என்று இருந்தால் அது சின்ன செல் பத்தா, பெரிய செல் ஐந்தா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. இரண்டுமே ரம்பத்துக்கு ஆகும்.

கடைசியில் எங்கள் பிராண்டின் அங்கீகரிக்கப்பட்ட கடையிலேயே இரண்டு அசல் 5 ஆம்பியர்-மணி பேட்டரிகள் வாங்கினேன். 8 ஆம்பியர்-மணியும் வைத்திருந்தார்கள். கையில் எடுத்துப் பார்த்தேன், 5-ஐ விடக் கால் கிலோவுக்கு மேல் கூடுதல். மேஜையில் வைத்து அறுப்பவர்களுக்கு அது ஒரு பொருட்டில்லை. நான் பாதி வேலையைக் கூரையில் ஏறி நின்று, ஒரு கையால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு செய்ய வேண்டியிருந்தது. அங்கே கால் கிலோ மணிக்கட்டுக்குத் தெரியும். அதனால் 5 போதும் என்று முடிவு செய்தேன். இந்த அளவு ரம்பத்துக்கு இப்போதும் அதையே சொல்வேன்.

36, 54 வோல்ட் ரம்பங்களைப் பற்றிச் சிலர் கேட்கிறார்கள். டிவால்ட் 2016-இல் கொண்டுவந்த ஃப்ளெக்ஸ்வோல்ட்டைப் பார்த்தால் அந்த விஷயம் புரிந்துவிடும். அதன் முதல் பேட்டரியில் 15 செல். 18 வோல்ட் கருவியில் மாட்டினால் மூன்று வரிசை அருகருகே நின்று 6 ஆம்பியர்-மணி. 54 வோல்ட் கருவியில் மாட்டினால் அதே மூன்று வரிசை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக்கொண்டு 2 ஆம்பியர்-மணி. 18-ஐ 6-ஆல் பெருக்கினாலும் 108, 54-ஐ 2-ஆல் பெருக்கினாலும் 108. உள்ளே இருக்கும் சக்தி ஒன்றுதான். வோல்ட் கூடினால் அதே வேலையைக் குறைந்த கரண்டில் செய்யலாம். அதனால் 190 மி.மீ. பிளேடைச் சுற்றும் பெரிய மோட்டாருக்கு அது தேவை. 165 மி.மீ. பிளேடுக்கு நல்ல 18 வோல்ட் பேட்டரியே போதும்.

எத்தனை பேட்டரி வேண்டும் என்பதற்கும் இந்தப் பெருக்கல்தான் கை கொடுத்தது. 18-ஐ 5-ஆல் பெருக்கினால் 90 வாட்-மணி. முதல் நாள் புது பேட்டரியில் சரியாகப் பத்து அறுப்பு வந்தது. அதாவது ஓர் அறுப்புக்கு 9 வாட்-மணி. 42 அறுப்புக்கு 378. நாலேகால் சார்ஜ். சின்ன பேட்டரி 36 வாட்-மணி, அந்தக் கணக்கில் நான்கு அறுப்பு வந்திருக்க வேண்டும், வந்தது இரண்டரை. மிச்சம் அந்தச் சூட்டில் போனதும், கரண்டை வெட்டி நின்றபோது உள்ளேயே தங்கியதும். பெட்டியில் எழுதியிருப்பதன்படி இரண்டரை மடங்கு பெரிய பேட்டரி, வேலையில் நான்கு மடங்கு கொடுத்தது.

சார்ஜர் மெதுவானது. 5 ஆம்பியர்-மணியை நிரப்ப ஏறக்குறைய இரண்டு மணி நேரம். வேக சார்ஜர் வாங்கலாமா என்று யோசித்தேன். ஆனால் ஒரு பேட்டரியில் பத்து அறுப்பு முடித்ததும், அண்ணாச்சியும் நானும் அந்த ரீப்பர்களை இழைத்து, கரையான் மருந்து பூசிக் காய வைப்பதற்கே அவ்வளவு நேரம் ஆனது. அதனால் இரண்டு பேட்டரியும் மெதுவான சார்ஜரும் எங்கள் வேலையின் ஓட்டத்துக்குப் பொருந்திப் போயின. காலையிலிருந்து மாலைவரை நிற்காமல் அறுக்கிறவர்களுக்கு மூன்றாவது பேட்டரியைவிட, உள்ளே காற்று ஊதிக் குளிர வைக்கும் வேக சார்ஜரே லாபம்.

பேட்டரியைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு பிளேடைச் சொல்லாமல் விட்டால் பாதிதான் சொன்னதாகும். ப்ளைவுட்டுக்காக 40 பல் பிளேடு மாட்டியிருந்தேன், அறுப்பின் அகலம் 2.4 மி.மீ. நெடுக்கு அறுப்புக்கு அது தப்பு. பல் நெருக்கமாக இருந்தால் தூள் வெளியேற இடமில்லாமல் உரசிச் சூடாகும். 24 பல், 1.6 மி.மீ. அகலப் பிளேடுக்கு மாறினேன். மரத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைவாகத்தான் தூளாகிறது, அவ்வளவு கரண்டும் மிச்சம். மேலே சொன்ன பத்து அறுப்பு இந்தப் பிளேடில் வந்தது. அதே நாளில் சின்ன பேட்டரியையும் இந்தப் பிளேடோடு ஓட்டிப் பார்த்தேன், மூன்று அறுப்பைத் தாண்டவில்லை. பிளேடு மாற்றும்போது பேட்டரியைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டுத்தான் சாவியை எடுப்பேன். கார்ட்லெஸ்ஸில் பிளக்கைப் பிடுங்கும் பழக்கம் கிடையாது, அதனால் இதை ஒரு பழக்கமாகவே ஆக்கிக்கொள்ள வேண்டும்.

ஆணிக்கு அண்ணாச்சி ஒரு வழி வைத்திருந்தார். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை நூலில் கட்டி, பலகையின் மேல் ஒரு விரல்கடை உயரத்தில் தொங்கவிட்டு மெதுவாக நகர்த்துவார். ஆணி இருக்கும் இடத்தில் காந்தம் தலையைச் சாய்க்கும். அங்கே சாக்பீஸில் ஒரு வட்டம். ஒரு பலகையில் மட்டும் பதினொரு வட்டம் விழுந்தது. தலை உடைந்து மரத்துக்குள் புதைந்திருந்த ஆணிகளைக்கூட அது காட்டிக்கொடுத்தது. 42 அறுப்பிலும் ஒரு பல்கூடப் போகவில்லை.

வெயிலுக்கு பேட்டரிகளை எங்கே வைப்பது என்பதும் ஒரு பிரச்சினையாக இருந்தது. வெயிலில் நின்ற காரின் டிக்கியில் வைத்திருந்ததை எடுத்தால், வேலைக்கு முன்பே சூடாக இருந்தது. ஆச்சி வீட்டு நடு அறையில் பழைய சிவப்பு சிமென்ட் தரை. மதியம் இரண்டு மணிக்கும் கால் வைத்தால் ஜில்லென்றிருக்கும். ரம்பத்திலிருந்து கழற்றிய பேட்டரியை அந்தத் தரையில் படுக்க வைத்தேன். இருபது நிமிடத்தில் சார்ஜர் ஏற்றுக்கொண்டது. ஃப்ரிட்ஜில் வைக்கலாமா என்று அத்தை கேட்டார். வேண்டாம், வெளியே எடுத்ததும் உள்ளே நீர் பூக்கும் என்றேன்.

புது பேட்டரிகளோடு வேலை தொடங்கிய மூன்றாவது நாள் பனங்கை. இதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பனைமரத்தின் வெளிப்புறம் கறுப்பாக, இரும்பு நார்களைச் சேர்த்துக் கட்டியது போல இருக்கும். உள்ளே போகப்போக மெத்தென்ற சோறு. குறுக்கே வெட்டும்போது பிளேடு மேலே உள்ள கறுப்பில் இறங்கும் அந்த முதல் அங்குலம்தான் கடினம். கனம் 2 அங்குலம். என் ரம்பம் 57 மி.மீ. வரை இறங்கும், அதனால் ஒரே வெட்டில் முடிகிறது. முழு சார்ஜ் பேட்டரியைப் போட்டு, பிளேடு முழு வேகத்துக்கு வந்தபிறகு மரத்தில் வைத்தேன். தள்ளவில்லை, ரம்பத்தின் எடையே அதை இழுத்துக்கொண்டு போனது. சத்தம் ஒரு சுருதிகூட இறங்கவில்லை. வெட்டிய முகத்தைத் திருப்பிப் பார்த்தால், கறுப்பு நார்கள் ஒவ்வொன்றும் பேனா முனையால் வைத்த புள்ளிகள் போலத் தெளிவாகத் தெரிந்தன. கருகல் இல்லை. அண்ணாச்சி கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"சிலாம்பு இல்ல தம்பி. கை ரம்பத்துல இப்படி வராது."

எனக்கு அது பெரிய விஷயம். நாற்பது வருடம் பனங்கை வெட்டியவர் அவர். பனஞ்சிலாம்பு கையில் ஏறினால் என்ன பாடு என்று அவருக்குத்தான் தெரியும்.

நான்காவது நாள் மாலை ஓடுகளைத் திரும்ப அடுக்கி முடித்தோம். அந்தப் பெட்டியோடு வந்த 2 ஆம்பியர்-மணி பேட்டரிகளை நான் ஒதுக்கவில்லை. ரீப்பர்களுக்கு ஆணி அடிக்கும் முன் ஓட்டை போட ட்ரில்லில் அவைதான் இருந்தன. வேங்கையில் ஓட்டை போடாமல் ஆணி அடித்தால் பிளந்துவிடும். கூரை மேல் ஏறி நின்று தலைகீழாகவும் சாய்வாகவும் ட்ரில்லைப் பிடிக்கும்போது அந்தச் சின்ன பேட்டரியின் எடை ஒரு வரம். இரண்டு நாள் ஓட்டைக்கும் ஒரே ஒரு தடவைதான் சார்ஜ் போட்டோம்.

போலி பேட்டரியின் செல்களை முனையில் டேப் ஒட்டி, தூத்துக்குடியில் மின்னணுக் கழிவு வாங்குமிடத்தில் கொடுத்துவிட்டேன். 5 ஆம்பியர்-மணி இரண்டையும் இரண்டு கட்டம் எரியும் அளவில் நிறுத்தி, ரம்பத்திலிருந்து கழற்றி, வீட்டு அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன். முழு சார்ஜில் மாதக்கணக்காகச் சூட்டில் கிடந்தால் செல் சீக்கிரம் கிழடாகும், பாதியில் இருந்தால் நீடிக்கும். ஐப்பசி மழைக்கு முன் முன்கட்டுக் கூரையையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். அங்கே மொத்தம் பதினாறு பனங்கை.